முள்ளுக்கு முதல் பங்கு

எங்கள் மயிலாடுதுறை வீட்டைக் காலி செய்த அன்று பித்தளை அண்டாவிலிருந்து ஊஞ்சல் பலகை வரைக்கும் ஆளாளுக்குப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இறக்குவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. திறந்தால் உள்ளே சித்தப்பாவின் ரிக்கார்டுகள்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் முதல் பாதியிலும் சித்தப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று காவிரிக்கரை ஊர்களில் கூம்பு கட்டிப் பாட்டுப் போட்டவர். ஒவ்வொரு தட்டின் நடுவட்டத்திலும் அவர் கையெழுத்தில், நீல மையில் ஓர் எண் இருந்தது. கொஞ்சம் பூச்சி உருண்டை வாசனை, உறைகளின் ஓரத்தில் கரையான் தின்ற அடையாளம். சென்னைக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பி எண்ணினேன். எல்பி 38, ஈபி 64, கனமான பழைய அரக்குத் தட்டுகள் 19.

கேட்பதற்கு ஒரு பிளேயர் வேண்டும். கையில் நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தேன். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த நாற்பதாயிரத்தின் கதை. என்னைப் போல வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இந்த ஒன்றரை வருடத்தில் தெரிந்துகொண்டேன். 2022இல் அமெரிக்காவில் சிடியைவிட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது. தட்டு 4.1 கோடி, சிடி 3.3 கோடி. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அந்த அலை நம் ஊருக்கும் வந்து, கடைகளில் புதுப் பிளேயர்கள் வரிசையாக நிற்கின்றன. எது நம் பெட்டிக்குப் பொருந்தும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

முதலில் செய்த தவறு

நான் முதலில் வாங்கியது சூட்கேஸ் வடிவத்தில் வரும் பிளேயர். ஆறாயிரத்துச் சொச்சம், அந்த நாற்பதாயிரத்தில் சேராது. மூடியைத் திறந்தால் பிளேயர், அதற்குள்ளேயே ஸ்பீக்கர், மூன்று வேகமும் உண்டு. பச்சை நிற ரெக்சின் உறை. மேசைமேல் வைத்ததும் வீட்டுக்கே ஒரு களை வந்தது போலிருந்தது. பி.சுசீலா பாடிய ஈபி ஒன்றைப் போட்டேன். அந்த வாரம் முழுக்க அதையே போட்டேன். ஏழெட்டு முறைக்குப் பிறகு ‘ச’ வருகிற இடமெல்லாம் கரகரவென்று மணலை அரைப்பதுபோல் கேட்டது. தட்டு பழையது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை அழைத்துவந்தேன். எண்பது வயதை நெருங்குகிறார். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் முள்ளைத் தாங்கும் டோன் ஆர்மைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, இவ்வளவு கனமா இருக்கு? முள்ளைக் கழட்டிக் காட்டு.”

கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார்.

“இது சபையர். டைமண்ட் இல்ல. இதப் போட்டா தட்டை உழுதுடும்மா.”

மறுநாள் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் சின்ன டிஜிட்டல் தராசை இரவல் வாங்கி, முள்ளை அதன்மேல் இறக்கினேன். ஐந்தரை கிராம். முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் தட்டின்மேல் வைக்கும் பாரம் பெரும்பாலும் இரண்டு கிராமை ஒட்டித்தான் இருக்கும். இந்த வகைப் பெட்டிகளில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். மலிவானது, நிறைய மின்சாரத்தை உண்டாக்கும், அதனால் உள்ளே சிக்கலான சுற்று எதுவும் தேவையில்லை. ஆனால் அதன் முள் விறைப்பானது. பாட்டு பதிந்திருக்கும் பள்ளமான காடியின் வளைவுகளில் வளைந்து கொடுக்காது. விறைப்பை ஈடுகட்டப் பாரத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பாட்டின் உயர்ந்த ஒலிகள் காடிச் சுவரில் மிக நுண்ணிய நெளிவுகளாக இருக்கின்றன. விறைத்த முள் முதலில் தேய்ப்பது அவற்றைத்தான். ‘ச’வும் ‘ஸ’வும் முதலில் போவதன் காரணம் இது. அந்த ஈபியை எவ்வளவு கழுவினாலும் அந்தக் கரகரப்பு இனிப் போகாது. எழுதும்போதும் மனசு கேட்கவில்லை.

போட்டுக் கேட்கிற ஒவ்வொரு முறையும் முள் தட்டைத் தொடுகிறது. தட்டின் ஆயுளை முடிவு செய்வது அந்த ஓர் இடம்தான். பணத்தைப் பிரிக்கும்போது முள்ளுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் முதல் பங்கு, பிறகுதான் மற்ற எல்லாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சித்தப்பா காலத்துக்கும் முன்னால், சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் இருந்த வீடுகளில் எஃகு முள்ளைத் தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் மாற்றிவிடுவார்கள். அதற்காகவே சின்னத் தகர டப்பாக்களில் நூற்றுக்கணக்கில் முள் விற்றது. அந்தப் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. நாம்தான் மறந்துவிட்டோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பிளேயரைத் தேடுவதற்கு முன் தட்டுகளைப் பிரிக்க வேண்டும். நான் தரையில் மூன்று அடுக்குகளாகப் பிரித்தேன்.

அரக்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுற்றுபவை. கனம் அதிகம். கீழே விழுந்தால் பீங்கான்போல உடைந்துவிடும். நம் நாட்டு அரக்கும் கல்தூளும் கலந்து, கல்கத்தாவின் டம்டம் ஆலையிலும் பிற இடங்களிலும் அச்சிட்டவை. மேல்நாட்டில் வழக்கொழிந்த பிறகும் நம் ஊரில் 1960களின் கடைசி வரைகூட வந்துகொண்டிருந்தன. அதனால்தான் தமிழ் வீடுகளின் பெட்டிகளில் இன்றும் இவை கிடைக்கின்றன. எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்துப் பாட்டு, தண்டபாணி தேசிகர், நாகசுரத் தட்டுகள் எல்லாம் இந்த வகைதான். சென்னையில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இவற்றின் காடி அகலம். இவற்றைப் படிக்கும் முள்ளின் நுனி சுமார் 76 மைக்ரான் ஆரம் இருக்க வேண்டும். எல்பிக்கான சாதாரண உருண்டை முள் 18 மைக்ரானை ஒட்டியது. எல்பி முள்ளை 78 தட்டில் வைத்தால் அது காடியின் அடிவாரத்தில் உருண்டு, அங்கே படிந்திருக்கும் அழுக்கை மட்டும் படிக்கும். பாட்டு எங்கோ தூரத்தில் மழைக்கு நடுவே கேட்பதுபோல இருக்கும். 78 முள்ளை எல்பியில் வைத்தால் எல்பியே பாழ். ஆகவே பெட்டியில் 78 இருந்தால் இரண்டு தேவைகள்: அந்த வேகம் உள்ள பிளேயர், கழற்றி மாற்றத்தக்க முள்.

எல்பியை அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948இல் கொண்டுவந்தது. 33⅓ சுற்று. 45 சுற்று சிறிய தட்டை அடுத்த வருடம் ஆர்சிஏ கொண்டுவந்தது. தமிழ் சினிமாப் பாட்டு நம்மிடம் அதிகம் வந்தது நான்கு பாட்டு கொண்ட ஈபியாகத்தான். எல்பியில் பக்திப் பாடல்கள் நிறைய. 1963இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்பி இல்லாத பெட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னுடையதிலும் இருக்கிறது, உறை இல்லாமல்.

இன்னொன்றையும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். நம் பழைய தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ பரவலாகப் பேசப்பட்டது 1978இல் வந்த ‘ப்ரியா’ படத்திலிருந்துதான். மோனோ தட்டில் பாட்டு காடியின் பக்கவாட்டு நெளிவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமாக முள் ஆடுவது முழுக்கத் தூசியும் கீறலும் தருகிற சத்தம். ஆம்ப்ளிஃபையரில் ‘மோனோ’ பொத்தான் இருந்தால் அதை அழுத்திய அடுத்த நொடியே பொரிகிற சத்தம் கணிசமாகக் குறைந்துவிடும். புது ஆம்ப்களில் இந்தப் பொத்தான் அரிது. நம் ஊர்ப் பழைய ஆம்ப்களில் பெரும்பாலும் உண்டு. செலவே இல்லாத வைத்தியம் இது. நான் ஆம்ப் தேடியபோது இதையே முதல் நிபந்தனையாக வைத்தேன்.

எதை வாங்கலாம்?

பெட்டியில் எல்பியும் ஈபியும் மட்டும்தான் என்றால் ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போதும். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறினாலும் நான் தேடியபோது பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள் கிடைத்தது. முழு ஆட்டோமேட்டிக். பொத்தானை அழுத்தினால் டோன் ஆர்ம் தானே போய் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பும். கை நடுங்கும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இது ஒரு வரம். உள்ளே ப்ரீஆம்ப் இருக்கிறது; அது எதற்கென்று பிறகு சொல்கிறேன். வைர முள். பாரத்தை நாம் மாற்ற முடியாது. தொழிற்சாலையில் வைத்ததே நிரந்தரம், மூன்று கிராமை ஒட்டியது. உருண்டை நுனி. மிக நுணுக்கமான ஒலி வராது. ஆனால் சூட்கேஸ் பெட்டியோடு ஒப்பிட்டால் தட்டுக்கு எவ்வளவோ பத்திரம். 78 சுற்று இதில் இல்லை.

என் பெட்டியில் 19 அரக்குத் தட்டுகள் இருந்ததால் எனக்கு இது சரிப்படவில்லை. அதே கம்பெனியின் ஏடி-எல்பி120எக்ஸ் மூன்று வேகத்திலும் சுற்றும். டைரக்ட் டிரைவ், அதாவது தட்டின் அச்சையே மோட்டார் சுழற்றுகிறது, நடுவில் பெல்ட் இல்லை. பாரத்தை நாமே வைக்கலாம். இதோடு வரும் விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. உடல் ஒன்று, முள் பல. பச்சை நிற நீள்வட்ட முள்ளை உருவிவிட்டு அதே இடத்தில் விலை குறைந்த உருண்டை முள்ளை மாட்டலாம். பிறகு பணம் சேர்ந்தால் மைக்ரோலைன் என்னும் மெல்லிய நுனி. 78க்குத் தனி முள். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். உருண்டை முள்ளுக்கு 500 மணி நேரம், நீள்வட்டத்துக்கு 300, மைக்ரோலைனுக்கு 1000 என்று கம்பெனியே ஆயுள் சொல்கிறது. விலையை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் உயர்ந்த முள் முதலில் தோன்றுகிற அளவுக்கு அதிகமில்லை என்பது புரியும்.

புதிது வாங்க என் பணம் போதாது. முள்ளும் ஸ்பீக்கரும் மிச்சம் இருக்கின்றனவே. வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவரிடம் கைமாறிய எல்பி120எக்ஸ் இருபத்தோராயிரத்துக்குக் கிடைத்தது. முள் தேய்ந்திருந்தது. புது முள்ளுக்கும் 78 முள்ளுக்குமாகச் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஒதுக்கினேன். மொத்தப் பணத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. ‘முள்ளுக்கா இவ்வளவு?’ என்று வீட்டில் கேட்டார்கள்.

பழைய பிளேயரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்று பலர் நினைப்பது நியாயம்தான். எச்எம்வி ஃபியஸ்டா இன்னமும் பல வீடுகளில் தூங்குகிறது. அப்பா கேட்ட பெட்டியிலேயே அப்பாவின் பாட்டைக் கேட்கும் ஆசை எளிதில் ஒதுக்கக்கூடியது இல்லை. வைத்துக்கொள்ளுங்கள், பழுதும் பாருங்கள். ஆனால் அதிலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். தினமும் போட வேண்டாம். அதிலும் ஸ்டீரியோ தட்டைப் போடவே வேண்டாம். மேலும் கீழும் அசையத் தெரியாத பழைய மோனோ முள் ஸ்டீரியோ காடியைச் சிதைத்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய டர்ன்டேபிளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 110 வோல்ட் என்பது எல்லோருக்கும் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடுவார்கள். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏசி மோட்டார்கள் வேகத்தை வோல்ட்டிலிருந்து எடுப்பதில்லை, ஹெர்ட்ஸிலிருந்து எடுக்கின்றன. 33⅓ சுற்ற வேண்டியது 28க்கும் கீழே போய்விடும். டி.எம்.எஸ். குரல் இன்னும் கனத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுக்கும். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் மட்டுமே உருப்படும். அடாப்டர் வழியாக டிசி மின்சாரத்தில் ஓடுகிற புதிய பிளேயர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மில்லிவோல்ட் கணக்கு

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படியின் கீழே நாலடி இடத்தில் அமர்ந்து ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் ஒருவரிடம்தான் எனக்கு இந்தக் கணக்கு புரிந்தது. நான் கொண்டுபோன பழைய இந்திய ஆம்பின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘ஃபோனோ’ என்று எழுதியிருந்த ஓட்டையைச் சால்டரிங் இரும்பின் பிடியால் தட்டினார்.

“இது இருக்குறவரைக்கும் உங்களுக்குக் கவலை இல்ல மேடம். ஆக்ஸ்ல குத்தினீங்கன்னா கொசு பாடற மாதிரிதான் கேக்கும்.”

மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட் போல. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது ஒலியைப் பெருக்குவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். மிருதங்கத்தின் தொப்பியை அப்படியே வெட்டினால் காடி அகன்று பக்கத்துக் காடியில் முட்டிவிடும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டு கொள்ளாது. உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுவது, திரும்பக் கேட்கும்போது அதைக் குறைக்கையில் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையட்டும் என்று. இரு முனைகளிலும் கிட்டத்தட்ட 20 டெசிபல் வித்தியாசம். இந்தக் கணக்கை 1954இல் அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் பொதுவாக வகுத்தது. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன் செய்கிறது. அதற்கு முந்தைய அரக்குத் தட்டுகளுக்கு வேறு வேறு கணக்கு. ஆம்பின் ட்ரெபிளைக் கொஞ்சம் திருகிக்கொண்டால் போதும், காது ஏற்றுக்கொள்கிறது.

ப்ரீஆம்ப் ஒன்றுதான் இருக்க வேண்டும். பிளேயரின் பின்னால் உள்ள சுவிட்சை ‘லைன்’ என்று வைத்துவிட்டு ஆம்பின் ஃபோனோவில் செருகினால் இரண்டு முறை பெருகிப் பாட்டு கிழியும். நானும் முதல் நாள் அப்படித்தான் செருகினேன். ஆம்பே கெட்டுவிட்டதென்று பயந்துபோனேன்.

அந்த ஆம்பைச் சரிசெய்து தர நாலாயிரம் ஆனது. புத்தக அலமாரியில் வைக்கிற அளவு பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று ஐயாயிரம். ஆம்பே வேண்டாம் என்பவர்கள் எடிஃபையர் ஆர்1280டி போல ஆம்பை உள்ளேயே வைத்திருக்கும் ஸ்பீக்கர் வாங்கலாம். அதில் ஃபோனோ ஓட்டை கிடையாது. ப்ரீஆம்ப் உள்ள பிளேயராக இருந்தால் நேரே செருகிவிடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒயர் இழுக்க வழியில்லாத வீடுகள் இருக்கின்றன.

கடப்பைக் கல்

பிளேயரை எங்கே வைப்பது என்பதற்கு நான் ஒரு மாதம் அலைந்தேன். டிவி ஸ்டாண்டில் வைத்தால் ஆள் நடக்கும்போதெல்லாம் முள் குதித்தது. மர மேசையில் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் சத்தத்தைக் கூட்டியதும் ‘ஊம்’ என்று ஒரு முழக்கம் எழுந்து வளர்ந்தது. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியே முள்ளுக்குப் போய், முள் அதையும் பாட்டென்று நினைத்து ஆம்புக்கு அனுப்ப, அது மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது. வெளிநாட்டில் இதற்கென்று சுவரில் மாட்டும் விலை உயர்ந்த தாங்கிகள் விற்கிறார்கள்.

நான் குடியிருப்பது ஆதம்பாக்கத்தில், நாற்பது வருடத்துக்கு முந்தைய வீடு. கூடத்துச் சுவரில் கடப்பைக் கல் பதித்த அலமாரி. அதில் வெண்கல விளக்குகளும் பழைய டெலிபோன் டைரக்டரிகளும் அடைந்து கிடந்தன. ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிளேயரை அங்கே ஏற்றினேன். செங்கல் சுவருக்குள் நாலு அங்குலம் புதைந்த கல் பலகை. பக்கத்தில் குழந்தைகள் கயிறு தாண்டினாலும் முள் அசையவில்லை. ஸ்பீக்கர்களைத் தனியே மர ஸ்டூல்களில் வைத்தேன். முழக்கம் போன இடம் தெரியவில்லை. உங்கள் வீட்டில் கடப்பைக் கல் இருந்தால் முதலில் அங்கே வைத்துப் பாருங்கள்.

பிறகு பாரம் வைக்கும் வேலை. இதை அவசரமில்லாத ஒரு காலையில் செய்யுங்கள். டோன் ஆர்ம் தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, முள்ளின் மூடியைக் கழற்றி, டோன் ஆர்மை அதன் கொண்டியிலிருந்து விடுவித்துத் தட்டுக்கு வெளியே, அந்தரத்தில் விட வேண்டும். பின்னால் உள்ள எடைக்குண்டை மெதுவாகத் திருகினால் தலை தூக்கும், திரும்பத் தாழும். தட்டான் தராசின் முள் நடுவில் வந்து நிற்குமே, அப்படி ஒரு கணத்தில் அது கிடைமட்டமாக, காற்றில் மிதந்துகொண்டு நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தால்தான் நிற்கிறது. அந்த நிலையில் எண் எழுதிய வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு குண்டையும் வளையத்தையும் சேர்த்து இரண்டு வரை முன்னே திருக வேண்டும். இரண்டு கிராம். ஆன்டி-ஸ்கேட்டையும் இரண்டில் வைக்கலாம். சில நூறு ரூபாய்க்கு முள் எடை பார்க்கும் சின்னத் தராசு கிடைக்கிறது. வளையத்தின் எண்ணை நம்பாமல் அதிலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 78 முள்ளுக்கு ஐந்து கிராம். முள் மாற்றும்போதெல்லாம் பாரத்தையும் மாற்ற வேண்டும். நான் பிளேயர் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்து ஒன்றரையில் வைப்பவர்கள் உண்டு. அது தவறு. பாரம் போதாத முள் காடியின் சுவரை விட்டுத் தாவி, மீண்டும் வந்து மோதும். தேய்மானம் அப்போதுதான் அதிகம். கம்பெனி சொன்ன அளவுக்குள் நிற்பதே தட்டைக் காக்கும்.

சரியாக அமைந்ததா என்று சோதிக்க எல்பியின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் முள் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் காடியைக் கடக்கிறது. உள் வட்டத்துக்கு வரும்போது அது இருபதை ஒட்டி வந்துவிடும். அதே பாட்டை அரைக்கும் குறைவான இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அமைப்பில் எந்தக் குறை இருந்தாலும் அங்கேதான் வெளிப்படும். கடைசிப் பாட்டில் வரும் ‘ஸ’ தெளிவாக, காற்றுப்போல் கேட்டால் கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறது. சீறினால், கார்ட்ரிட்ஜைத் திருகி நேராக்க உதவும் கட்டம் போட்ட காகித அளவுகோலை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கழுவுதல்

சவுண்டு சர்வீஸ் தட்டு என்றால் கல்யாணப் பந்தலின் புழுதி, சாம்பிராணிப் புகை, நாற்பது வருடக் கைரேகை எல்லாம் காடிக்குள் இருக்கும். கழுவாமல் நல்ல முள்ளை அதில் இறக்காதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். அதில் மணமில்லாத சோப்புத் திரவம் ஒரு துளி. நடுவட்டக் காகிதம் நனையாமல், மென்மையான துணியால் காடியின் வட்டப் போக்கிலேயே துடைத்து, வெறும் தண்ணீரில் மறுபடி அலசி, நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும். வெள்ளைத் திட்டாகப் பூஞ்சை பிடித்த எல்பிக்குக் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலக்கலாம். அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது. அரக்கு அதில் கரையும். தட்டே போய்விடும்.

வைக்கும்போது புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் உள்ளவை வளைந்துவிடும். பழைய தட்டு வாங்கக் கடைக்குப் போகிறீர்கள் என்றால், வாங்கிய தட்டைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் போதும், எல்பி அப்பளமாகிவிடும்.

சென்ட்ரல் அருகே அல்லிக்குளத்தில், 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டின் கடைகளுக்குக் கட்டிய வளாகத்தில் நான் தேடியபோது பழைய தட்டுகள் கிடைத்தன. இளையராஜா எல்பி என்றால் விலை ஏகத்துக்கும் ஏறிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் கனமான முள் உழுத தட்டு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் கேட்காது. சில சமயம் உருண்டை முள்ளில் தேய்ந்த காடியை மெல்லிய நுனி முள், அது தொடாத வேறோர் ஆழத்தில் தொட்டுப் பாட்டை மீட்டுக் கொடுக்கும். என் பெட்டியில் இரண்டு எல்பிகள் அப்படித் திரும்ப வந்தன. சுசீலாவின் ஈபி வரவில்லை.

எல்லாம் அமைந்த பிறகு சித்தப்பாவை மறுபடி அழைத்துவந்தேன். பிளேயரைச் சுற்றி வந்து பார்த்தார். தட்டின் ஓரத்துப் புள்ளிகள் சின்னச் சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதைக் காட்டினேன். “வேகம் சரியா நிக்குது” என்றார். பெட்டியிலிருந்து அவரே ஒரு எல்பியை உருவினார். உள்ளங்கை ஓரத்தில் விளிம்பையும் விரல்நுனியில் நடுவட்டத்தையும் தாங்கி, காடியில் ஒரு விரல்கூடப் படாமல். கை நடுங்கியதால் முள்ளை நெம்புகோலால் இறக்கச் சொன்னேன். அது சினிமாக் கதை வசனத் தட்டு. பந்தலில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஜனங்கள் படுக்கிற நேரத்துக்குப் போடுவதாம்.

இருபது நிமிடம் அசையாமல் கேட்டார். பக்கம் முடிந்து முள் உள்வட்டத்தில் டிக் டிக் என்று சுற்றத் தொடங்கியதும் எழுந்துபோய்த் தட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நடுவட்டத்தில் தான் எழுதிய எண்ணைப் பார்த்தார்.

“இது முப்பத்தொண்ணு. இதோட ஜோடி முப்பத்திரண்டு எங்கம்மா?”

பெட்டியில் அப்படி ஒன்று இல்லை என்றேன். சித்தப்பா தட்டைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

“வைத்தீஸ்வரன்கோயில்ல ஒரு கல்யாணம். மழை வந்துடுச்சு. அவசரத்துல ஏறக்கட்டினோம். அங்கதான் விட்டிருக்கணும்.”